சிகிச்சை முடிந்தது, கவனிப்பு போதவில்லை: புற்றுநோய்க்குப் பின் அடுத்த வழிகளைத் தேடுவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அறுவை சிகிச்சை, கீமோ, ரேடியேஷன் என்று நாள்கள் ஓடும்வரை மருத்துவமனை நம்மைத் தேடிக்கொண்டே இருக்கும். தேதி தவறினால் போன் வரும். ரத்த அணுக்கள் குறைந்தால் நர்ஸ் அழைத்துச் சொல்வார். கடைசி ரேடியேஷன் முடிந்த மறுநாள் அந்தப் போன் நின்றுவிடுகிறது. "மூன்று மாதம் கழித்து வாருங்கள்" என்று சீட்டில் எழுதித் தருகிறார்கள். அந்த நாளில் போய் அரை நாள் காத்திருந்தால், இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு அடுத்த தேதியைப் போடுகிறார்கள்.

இந்த இடத்தில் சில குடும்பங்கள் டாக்டரிடம் எதுவும் கேட்காமல் பயத்தை வீட்டுக்கு எடுத்துப் போகின்றன. வேறு சில, ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக மருத்துவமனை மாறுகின்றன. போகும் இடமெல்லாம் புதிய ஸ்கேன் எடுக்கப்படுகிறது, கையிருப்பு கரைகிறது, நோயாளிக்கு யார் பொறுப்பு என்பது மட்டும் தெரிவதில்லை. மார்பகப் புற்றுநோய் வந்த என் அக்காவுக்குத் துணையாக ஓ.பி. வரிசைகளில் நின்றபோது இந்த இரண்டு வகையினரையும் நிறையப் பார்த்தேன். என்ன குறைகிறது என்று தெளிவாகச் சொல்லத் தெரிந்தவர்களுக்கே அடுத்த கதவு திறந்தது. ஆகவே இந்த வழிகாட்டி அங்கிருந்துதான் தொடங்குகிறது. மார்பகப் புற்றுநோயையே முக்கிய உதாரணமாக வைத்திருக்கிறேன். மற்ற வகைகளுக்கு எங்கே மாறுகிறது என்பதையும் ஆங்காங்கே சொல்கிறேன்.

முதலில்: காத்திருக்கக் கூடாதவை

கீழே உள்ளவற்றில் ஏதாவது இருந்தால், இரண்டாவது ஆலோசனை பற்றி யோசிக்காமல் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள். கீமோ நடக்கும்போதோ முடிந்த சில வாரங்களுக்குள்ளோ 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல். முதுகுவலியோடு கால்கள் வலுவிழப்பது, மரத்துப்போவது, சிறுநீர் கழிக்க முடியாமல் போவது. தண்டுவடம் அழுத்தப்படுவதன் அறிகுறிகள் இவை, ஒரு நாள் தாமதத்தில் நடக்கும் திறனே போகலாம். திடீர் மூச்சுத்திணறல். ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது. வாந்தியோடு கூடிய கடுமையான தலைவலி, வலிப்பு.

சில நாள்களுக்குள் காட்ட வேண்டியவையும் உண்டு: புதிய கட்டி, தழும்பின் மேல் தோல் தடிப்பது, வாரக்கணக்கில் விடாத எலும்பு வலி அல்லது இருமல், கண் மஞ்சளாவது, காரணமில்லாமல் எடை குறைவது. டாமாக்சிஃபென் என்ற ஹார்மோன் தடுப்பு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு மாதவிடாய் நின்றபின் ரத்தப்போக்கு வந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இவற்றுக்கு மூன்று மாதச் சீட்டுத் தேதி பொருந்தாது. "அடுத்த செக்கப்பில் சொல்லிக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடும் பழக்கம் நம் பெண்களிடம் அதிகம். வீட்டில் இருப்பவர்கள்தான் கிளப்ப வேண்டும்.

குறை எங்கே இருக்கிறது?

"ஒரு ஸ்கேன்கூட எடுக்கவில்லை." காத்திருப்பு அறையில் அதிகம் கேட்கும் புகார் இதுதான். ஆனால் மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடிந்து, எந்த அறிகுறியும் இல்லாமல் இருப்பவருக்கு வழக்கமாகப் பெட் ஸ்கேன், சி.டி., எலும்பு ஸ்கேன், சி.ஏ. 15-3 என்ற புற்றுநோய்க் குறியீட்டு ரத்தப் பரிசோதனை ஆகியவற்றைச் செய்ய வேண்டாம் என்பதே உலகளாவிய வழிமுறை. இதற்குப் பின்னால் ஆய்வு இருக்கிறது. இத்தாலியில் நடந்த இரண்டு பெரிய ஆய்வுகள் 1994இல் வெளியாயின. ஒரு பிரிவுப் பெண்களுக்கு அடிக்கடி எலும்பு ஸ்கேனும் மார்பு எக்ஸ்ரேயும் எடுத்தார்கள். மற்றப் பிரிவுக்கு உடல் பரிசோதனையும் மேமோகிராமும் மட்டும். உயிர்வாழும் காலத்தில் இரு பிரிவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஸ்கேனில் தெரியும் ஏதோ ஒரு சிறு புள்ளிக்காகப் பயாப்ஸி (திசுவை எடுத்துச் சோதிப்பது) வரை போய், கடைசியில் ஒன்றுமில்லை என்று திரும்பியவர்களுக்கு அந்தப் பரிசோதனைகளின் விலை என்னவென்று தெரியும்.

எனவே ஸ்கேன் எடுக்காததை மட்டும் வைத்து அலட்சியம் என்று முடிவு கட்டாதீர்கள். அலட்சியம் வேறு இடத்தில் இருக்கக்கூடும். நடக்க வேண்டியது இது: முதல் மூன்று ஆண்டுகள் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அடுத்த இரண்டு ஆண்டுகள் ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை, அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறை டாக்டர் உட்காரவைத்து விசாரித்து, மார்பையும் அக்குளையும் கழுத்தையும் கையால் பரிசோதிக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு மேமோகிராம் எடுக்க வேண்டும். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, தொட்டுப் பார்க்காமலே அனுப்பினால், அதுதான் கேள்வி கேட்க வேண்டிய இடம்.

மருந்தையொட்டிய கண்காணிப்பும் இருக்கிறது. லெட்ரசோல், அனஸ்ட்ரசோல் போன்ற ஹார்மோன் தடுப்பு மாத்திரைகள் எலும்பை மெலியச் செய்யும். தொடக்கத்திலும், பிறகு ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் வேண்டும். டிரஸ்டுசுமாப் ஊசி இதயத்தைப் பாதிக்கக்கூடியது, அதைப் போடும் காலத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எக்கோ (இதய ஸ்கேன்) வேண்டும். டாமாக்சிஃபென் சாப்பிடுபவர் மனச்சோர்வுக்கு மாத்திரை எடுக்கிறார் என்றால் அது எந்த மாத்திரை என்று புற்றுநோய் டாக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பராக்சிடின், ஃப்ளூஆக்சிடின் இரண்டும் டாமாக்சிஃபென் வேலை செய்வதைத் தடுக்கக்கூடியவை.

மற்ற வகைகளுக்குக் கணக்கே வேறு. பெருங்குடல் புற்றுநோயில் சி.இ.ஏ. ரத்தப் பரிசோதனை, சி.டி., அறுவை முடிந்து ஓராண்டில் கொலனோஸ்கோப்பி (குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது) ஆகியவை வழிமுறையிலேயே இருக்கின்றன. அவற்றைச் செய்யாவிட்டால் அது குறைதான். வாய், தொண்டைப் புற்றுநோயில் முதலாண்டு முழுக்க அடிக்கடி வாயைத் திறந்து பார்க்க வேண்டும். கழுத்தில் ரேடியேஷன் கொடுத்திருந்தால் ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை தைராய்டு பரிசோதனை வேண்டும். அங்கே ரேடியேஷன் வாங்கியவர்கள், கதிர்வீச்சு டாக்டரைக் கேட்காமல் பக்கத்துத் தெரு பல் மருத்துவரிடம் பல் பிடுங்கிக்கொள்ளக் கூடாது. தாடை எலும்பு ஆறாமல் அழுகிப்போகும் ஆபத்து பல ஆண்டுகள் கழித்தும் இருக்கிறது. இதை எழுதித் தரும் மருத்துவமனைகள் குறைவு.

ஃபைலைச் சேர்த்தல்

எந்த மருத்துவமனைக்குப் போனாலும் முதல் கேள்வி ஃபைல் பற்றியதாகவே இருக்கும். பெரும்பாலோர் கொண்டுபோவது மருந்துச் சீட்டுகளும் ஸ்கேன் படங்களும் நிறைந்த ஒரு துணிப்பை. அதில் வேண்டியது மட்டும் இருக்காது.

தேவையானவை: முதல் பயாப்ஸி ரிப்போர்ட். அறுவைக்குப் பிந்தைய முழு ஹிஸ்டோபேத்தாலஜி (திசு ஆய்வு) ரிப்போர்ட்; கட்டியின் அளவு, எத்தனை நெறிக்கட்டிகளை எடுத்தார்கள், எத்தனையில் நோய் இருந்தது என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். ஈ.ஆர்., பி.ஆர். (கட்டி ஹார்மோனால் வளர்வதா என்பது), ஹெர்2 (நோயைத் தூண்டும் ஒரு புரதம்), கே.ஐ.-67 (செல் பெருகும் வேகம்) விவரம். அறுவைக் குறிப்பு. கீமோ மருந்துகளின் பெயர், அளவு, தேதி. டாக்சோரூபிசின் என்ற கீமோ மருந்து மொத்தம் எவ்வளவு ஏறியது என்பது பின்னாளில் இதயத்தைப் பற்றி முடிவெடுக்க உதவும். ரேடியேஷன் எந்தப் பகுதிக்கு, எத்தனை கிரே (கதிர்வீச்சு அளவின் அலகு). ஸ்கேன்கள் சி.டி. தட்டில் அல்லது பென் டிரைவில். அச்சிட்ட ஃபிலிம் போதாது.

கேட்டால் தர மறுப்பதற்கு இடமில்லை. 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, நோயாளியோ அவர் அனுமதித்தவரோ மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். உள்நோயாளிப் பதிவுகளை மூன்று ஆண்டுகளாவது வைத்திருக்க வேண்டும் என்றும் அதே விதிகள் சொல்கின்றன. அதனால் சிகிச்சை முடிந்த கையோடு வாங்கிவிடுவது நல்லது. வாய்மொழியாகக் கேட்டால் "நாளை வாருங்கள்" என்பார்கள். ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, ரெக்கார்டு பிரிவில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். தாளுக்கு இருக்கும் மரியாதை பேச்சுக்கு இல்லை.

இன்னொன்று பிளாக். அறுவையில் எடுத்த திசுவை மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள், அதுதான் பிளாக். அதிலிருந்து சீவிய மெல்லிய துண்டுகள் ஸ்லைடுகள். இரண்டாவது ஆலோசனையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஹெர்2 பாசிட்டிவ்வா நெகட்டிவ்வா என்பது மாறினால் சிகிச்சையே மாறும். பேத்தாலஜி பிரிவில் கையெழுத்துப் போட்டு வாங்கலாம். பிளாக்கின் எண்ணும் ரிப்போர்ட்டின் எண்ணும் ஒன்றுதானா என்று அங்கேயே பாருங்கள். மே மாத வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள், அது மெழுகு. வேலை முடிந்ததும் திரும்ப வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

பிறகு ஒரு பக்கச் சுருக்கம் எழுதுங்கள்: வயது, நோயின் வகை, நிலை, எந்தத் தேதியில் என்ன சிகிச்சை, இப்போது சாப்பிடும் மருந்துகள், மற்ற நோய்கள். புதிய டாக்டர் முதலில் படிப்பது அந்தத் தாளைத்தான்.

பழைய டாக்டரிடமே ஒருமுறை

கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். நான்குக்கு மேல் வேண்டாம். "இன்னும் ஏதாவது செய்ய முடியுமா?" என்று பொதுவாகக் கேட்டால் "பயப்படாதீர்கள்" என்று பொதுவாகத்தான் பதில் வரும். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "நோய் திரும்பும் அபாயம் எனக்கு அதிகமா, குறைவா? அதற்காகக் கூடுதலாகக் கொடுக்கக்கூடிய மருந்து ஏதாவது எனக்குப் பொருந்துமா? பொருந்தாது என்றால் ஏன்? அடுத்த ஐந்தாண்டுக் கண்காணிப்பை எழுதித் தர முடியுமா?"

அந்த இரண்டாவது கேள்வி முக்கியமானது, அதற்குக் காலக்கெடுவும் உண்டு. அறுவைக்கு முன்பே கீமோ எடுத்து, அறுவையில் எடுத்த திசுவில் இன்னும் நோய் மிச்சமிருந்தால், ஹெர்2 பாசிட்டிவ் வகைக்கு டி-டி.எம்.1 என்ற ஊசியும், ட்ரிபிள் நெகட்டிவ் (ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்2 மூன்றுமே நெகட்டிவ்) வகைக்குக் கேபசிட்டபின் மாத்திரையும் நோய் திரும்புவதைக் குறைக்கின்றன. பரம்பரையாக வரக்கூடிய பி.ஆர்.சி.ஏ. மரபணு மாற்றம் உள்ள, அபாயம் அதிகமான ஹெர்2 நெகட்டிவ் நோயாளிகளுக்கு ஓலபாரிப் மாத்திரையை ஓராண்டு கொடுப்பது பலன் தருவதை 2021இல் வெளியான ஆய்வு காட்டியது. ஹார்மோன் பாசிட்டிவ் வகையில் நெறிக்கட்டிகளில் நோய் நிறைய இருந்தவர்களுக்கு அபெமாசிக்லிப் மாத்திரையை இரண்டு ஆண்டு கொடுப்பதுண்டு. டாமாக்சிஃபெனை ஐந்து ஆண்டோடு நிறுத்துவதா, பத்து ஆண்டுவரை நீட்டுவதா என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான். முதன்மைச் சிகிச்சையை ஒட்டியே தொடங்க வேண்டிய மருந்துகள் இவற்றில் பல. ஓராண்டு யோசித்துவிட்டுப் போனால் சில கதவுகள் மூடியிருக்கும்.

ட்ரிபிள் நெகட்டிவ் வகை, இளம் வயதில் வந்த நோய், குடும்பத்தில் மார்பக அல்லது சினைப்பைப் புற்றுநோய் வந்தவர்கள் என்றால் பி.ஆர்.சி.ஏ. பரிசோதனை பற்றிக் கேளுங்கள். அக்கா தங்கைகளுக்கும் மகள்களுக்கும் அது சேர்ந்த விஷயம்.

இரண்டாவது ஆலோசனை

"வேறு டாக்டரிடம் போனது தெரிந்தால் இவர் கோபித்துக்கொள்வாரே?" என்ற தயக்கம் நம் ஊரில் ஆழமானது. இரண்டாவது ஆலோசனை பெறும் உரிமை நோயாளி உரிமைச் சாசனத்திலேயே இருக்கிறது. சொல்லும் விதத்தில் சொன்னால் பெரும்பாலான டாக்டர்கள் ஒத்துழைக்கிறார்கள்: "ஐயா, உங்கள் சிகிச்சையில்தான் தொடர விரும்புகிறோம். மனநிம்மதிக்காக ஒருமுறை இன்னொரு இடத்தில் கேட்டு வருகிறோம், ஒரு கடிதம் தாருங்கள்." இதற்கும் கோபித்துக்கொள்பவர் என்றால், மாறுவதற்கு அதுவே ஒரு காரணம்.

எங்கே போவது? ஒரே நபரின் கருத்தைவிட, அறுவை, கீமோ, கதிர்வீச்சு, பேத்தாலஜி ஆகிய துறையினர் கூடி முடிவெடுக்கும் ட்யூமர் போர்டு உள்ள இடமே நல்லது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, காஞ்சிபுரம் காரப்பேட்டையில் உள்ள அறிஞர் அண்ணா நினைவு அரசு புற்றுநோய் மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர், பெரிய அரசு மருத்துவக் கல்லூரிகளின் புற்றுநோய்த் துறைகள் ஆகியவை நமக்குப் பக்கத்தில் உள்ளவை. மும்பை டாடா மெமோரியல் வரை பயணம் செய்ய முடியாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. டாடா மெமோரியலும் தேசியப் புற்றுநோய் கூட்டமைப்பும் நவ்யா என்ற சேவை வழியாக ஆன்லைனில் கருத்துத் தருகின்றன. ரிப்போர்ட்டுகளைப் பதிவேற்றினால் நிபுணர்களின் கருத்து எழுத்தில் வரும். வசதியில்லாதவர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு. 2012இல் தொடங்கிய அந்தக் கூட்டமைப்பில் இன்று 300க்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. அதன் சிகிச்சை வழிகாட்டுதல்களை இணையத்தில் எவரும் படிக்கலாம்.

இரண்டு கருத்துகளும் வேறுபட்டால் குழம்ப வேண்டாம். எதில் வேறுபடுகிறார்கள் என்று கேளுங்கள். ஸ்லைடைப் படித்ததில் வேறுபாடா, நோயின் நிலையிலா, அல்லது மருந்துத் தேர்வில் மட்டுமா? முதல் இரண்டில் ஒன்று என்றால் மூன்றாவது கருத்து அவசியம். மருந்தில் மட்டும் என்றால், பக்கவிளைவு, செலவு, பயணத் தூரம் இவற்றை வைத்து நீங்களே முடிவு செய்யக்கூடிய நிலை அது. நான்காவது, ஐந்தாவது கருத்து என்று போவதில் பலன் கிடைத்தவர்களை நான் பார்த்ததில்லை.

நோய் திரும்பியிருந்தால்

முடிந்தால் புதிய இடத்திலிருந்து மறுபடி பயாப்ஸி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். முதலில் ஹார்மோன் பாசிட்டிவ்வாக இருந்தது திரும்பும்போது மாறியிருக்கலாம். பழைய ரிப்போர்ட்டை வைத்துப் புதிய மருந்து தொடங்குவது சரியல்ல.

மருத்துவ ஆய்வுகளில் சேர்வதும் ஒரு வழி. இந்தியாவில் நடக்கும் ஆய்வுகள் சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேட்டில் இருக்க வேண்டும். 2009 முதல் அது கட்டாயம். நோயின் பெயரையும் ஊரையும் போட்டுத் தேடலாம். 2019ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆய்வினால் பாதிப்பு ஏற்பட்டால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேளுங்கள், வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படியுங்கள். சோதனை மருந்துக்கு உங்களிடமே பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

புதிய சிகிச்சை என்று செய்தியில் வருவதெல்லாம் எல்லோருக்குமானது அல்ல. ஐ.ஐ.டி. பாம்பேயும் டாடா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கிய, நோயாளியின் நோய் எதிர்ப்புச் செல்களையே மாற்றித் திரும்பச் செலுத்தும் கார்-டி செல் சிகிச்சைக்கு 2023இல் அனுமதி கிடைத்தது. மகத்தான சாதனைதான். ஆனால் அது சில வகை ரத்தப் புற்றுநோய்களுக்கும் லிம்ஃபோமாவுக்கும் உரியது. அந்தச் செய்தியை வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு, மார்பகப் புற்றுநோய்க்கு அதைக் கேட்டு அலைந்த குடும்பத்தை நான் அறிவேன்.

நம்பிக்கையை விற்பவர்கள்

பெரிய மருத்துவமனை இரண்டு நிமிடம் கொடுக்கும்போது, இவர்கள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுகிறார்கள். வெற்றியின் ரகசியம் அதுதான். "நான்காம் நிலையையும் குணமாக்குவோம்" என்று எவராவது விளம்பரம் செய்தால் அதுவே சட்டமீறல். 1954ஆம் ஆண்டின் மாய மருந்துகள் விளம்பரத் தடைச் சட்டத்தின் பட்டியலில் புற்றுநோய் இருக்கிறது. முள்சீத்தாப் பழம் கீமோவைவிடப் பலமடங்கு வலிமையானது என்ற செய்தி சுற்றாத குடும்ப வாட்ஸ்அப் குழு இல்லை. ஆய்வகத்தில் செல்களின் மேல் நடந்த சோதனைகளைத் தாண்டி, மனிதர்களிடம் அது புற்றுநோயைக் குணமாக்கியதற்கு ஆதாரமில்லை. ஸ்டெம் செல் ஊசிக் கடைகளும் இதே ரகம்.

சித்த மருத்துவம் எடுக்க விரும்புகிறவர்களைக் கேலி செய்ய நான் தயாரில்லை. தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் போன்ற முறையான இடத்தில் பட்டம் பெற்ற மருத்துவரிடம் போங்கள். இரு தரப்பு டாக்டர்களிடமும் எல்லா மருந்துகளின் பெயரையும் சொல்லுங்கள். கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைகளை விடாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் சிகிச்சையை நிறுத்தச் சொல்பவரிடம் மட்டும் போகாதீர்கள்.

வலி, கை வீக்கம், மனம்

வளையல் ஏறவில்லை, ஜாக்கெட் கை பிடிக்கிறது என்றால் அது நிணநீர் வீக்கத்தின் தொடக்கமாக இருக்கலாம். தொடக்கத்திலேயே பிசியோதெரபிஸ்டைப் பார்த்தால் கட்டுப்படும். முற்றினால் வாழ்நாள் தொல்லை. அந்தக் கை சிவந்து சூடானால் கிருமித்தொற்று, உடனே மருந்து வேண்டும்.

வலித்தணிப்புச் சிகிச்சை என்றதும் "கைவிட்டுவிட்டார்கள்" என்று அழுகிறார்கள். அப்படிப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. பாஸ்டனில் முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், ஆரம்பத்திலிருந்தே வலித்தணிப்புக் குழுவின் கவனிப்பையும் பெற்றவர்கள் நிம்மதியாக மட்டுமல்ல, கூடுதல் காலமும் வாழ்ந்தார்கள். தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இந்தக் கவனிப்பையும் பிசியோதெரபியையும் தருகிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள். தூக்கம் வராத இரவுகளுக்கு 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் தமிழில் பேசலாம், கட்டணமில்லை.

பணமும் பயணமும்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை கிடைக்கும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். எல்லா ஓ.பி. செலவுக்கும் அது பொருந்தாது. எந்தப் பரிசோதனை உள்ளே வரும் என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்பே கேளுங்கள், அல்லது 1800 425 3993 என்ற எண்ணில் விசாரியுங்கள்.

ரயிலில் சிகிச்சைக்கோ செக்கப்புக்கோ போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் கட்டணம் முழுவதும் தள்ளுபடி; துணைக்கு வருபவருக்கு அவற்றில் 75 சதவீதம் தள்ளுபடி. மருத்துவமனையில் ரயில்வே படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

புகார் கொடுக்க வேண்டிய அளவுக்குத் தவறு நடந்திருந்தால் மருத்துவமனைக் கண்காணிப்பாளர், தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில், நுகர்வோர் ஆணையம் என்று வழிகள் உண்டு. ஆணையத்துக்கு இரண்டு ஆண்டுக் கெடு. சிகிச்சையைச் சரிசெய்யும் வேலையையும் இந்த வேலையையும் வீட்டில் இருவேறு ஆட்கள் பார்ப்பது நல்லது.

கடைசியாக ஓரிடத்தில் நிலைகொள்ளுதல்

கருத்துகள் எல்லாம் வந்தபின் ஒரு டாக்டரைத் தேர்ந்தெடுத்து, அவரிடமே ஃபைலை ஒப்படையுங்கள். புகழ்பெற்றவரைவிட, கையால் பரிசோதிப்பவர், கேள்விக்குப் பதில் சொல்பவர், தேதிக்கு இடையில் ஏதாவது வந்தால் யாரை அழைப்பது என்று ஒரு எண் தருபவர் மேலானவர். கண்காணிப்புத் திட்டத்தை எழுதி வாங்கி, ஒரு நகலை உங்கள் ஊர்க் குடும்ப டாக்டரிடம் கொடுங்கள். மாத்திரை, ரத்தப் பரிசோதனை, எலும்புப் பரிசோதனை போன்றவற்றை அவரே பார்த்துக்கொள்ள முடியும். மேமோகிராமுக்கும் உடல் பரிசோதனைக்கும் மட்டும் பெரிய ஊருக்குப் போனால் போதும் என்ற ஏற்பாட்டுக்குப் பல புற்றுநோய் டாக்டர்கள் சம்மதிக்கிறார்கள், நாம்தான் கேட்பதில்லை.